கடைசியார்

ஒரு காட்டில் கோடை வந்தால் குளம் சுருங்கும், சண்டை பெருகும். அதனால் எளிய விலங்குகள் ஒன்றுகூடி ஒரு கட்சி தொடங்கின. சின்ன வாய்கள் முதலில் குடிக்க வேண்டும், பெரிய வாய்கள் பிறகு, தலைவர் எல்லோருக்கும் கடைசியில். இதுதான் அவற்றின் கொள்கை. ஆகவே தலைவருக்குக் ‘கடைசியார்’ என்றே பெயர்.

முதல் கடைசியார் யானை. தாகத்தோடு நின்றதே தவிர, முந்திக்கொண்டு தும்பிக்கையை நீட்டியதில்லை. அடுத்து எருமை வந்தது. பிறகு ஆமை. ஆமை பேசத் தொடங்கினால் பாதிக் கூட்டம் தூங்கிவிடும். ஆனாலும் அதுவும் கடைசியாகத்தான் குடித்தது.

ஆமைக்குப் பின் மயில் தலைவரானது. ஆளும் அழகு, பேச்சும் அழகு.

“கடைசியாரா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இனி என்னை ‘முதலார்’ என்று கூப்பிடுங்கள்” என்றது மயில்.

பெயர்தானே என்று எல்லாம் தலையாட்டின. மறுநாளே முதலார் முதலில் குடித்தார். அவருடைய நண்பர்களான காட்டுப்பன்றிகளும் கூடவே இறங்கிப் புரண்டன. சின்ன விலங்குகளுக்கு மிஞ்சியது சேறுதான்.

தாகம் தாங்காத முயல்கள், ஓநாயின் சுனைக்குப் போக முடிவு செய்தன. அங்கே தண்ணீர் நிறைய உண்டு. போனவர்கள் திரும்பி வருவதுதான் இல்லை.

அந்தக் கட்சியில் ஓர் அணிலும் இருந்தது. அதன் குட்டிகளும் நாக்கு வறண்டு கிடந்தன.

“நாளைக் காலைவரை பொறுங்கள், அண்ணன்மாரே” என்று அணில் முயல்களை நிறுத்தியது.

விடிந்ததும் குளத்து நீர் தெளிந்திருந்தது. அணில் மயிலிடம் ஓடியது.

“முதலாரே, குளத்தில் முதலை வந்திருக்கிறதாம். முதலில் வாய் வைப்பவரைத்தான் பிடிக்குமாம். வாருங்கள், உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம்.”

பன்றிகள் சத்தமில்லாமல் புதருக்குள் நழுவின. மயிலின் கால்கள் தானாகவே பின்னால் நகர்ந்தன.

“எனக்கு இன்று அவ்வளவாகத் தாகமில்லை. நீங்கள் குடியுங்கள். நான் கடைசியில் வருகிறேன்.”

“கேட்டீர்களா? கடைசியில் வருகிறாராம். நம் கடைசியார் வாழ்க” என்று கூவியது அணில்.

காடே சிரித்தது. அணில் குட்டிகள் இறங்கின, முயல்கள் இறங்கின. வயிறு முட்டக் குடித்தன. முதலை இருந்தால்தானே வரும்!

“என்னை ஏமாற்றிவிட்டாயே” என்றது மயில்.

“ஆமாம் ஐயா. கோபமா?”

மயில் குளத்தைப் பார்த்தது. ஒரு முயல்கூட ஓநாயின் பக்கம் திரும்பவில்லை. எல்லா மீசைகளிலும் நீர் சொட்டியது.

“கோபப்படத்தான் பார்க்கிறேன். இதுகள் குடிக்கிற அழகைப் பார்த்தால் கோபம் வரமாட்டேன் என்கிறது.”

எல்லாம் கரையேறிய பிறகு மயில் குனிந்து குடித்தது. அப்புறம், வானத்தில் மேகமே இல்லாவிட்டாலும், தோகையை விரித்து ஆடியது.

நீதி: எல்லோருக்கும் கிடைத்த பிறகு தனக்கு எடுத்துக்கொள்பவரே தலைவர்.