கலசத்துக்கு மேலே ஏழு அங்குலம்

வெண்குன்ற மடத்துக்கு விதிகள் இருபத்துமூன்று. கழிப்பறை பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் பதினேழாவது விதி, மடத்தின் எல்லைக்குள் எதுவும் ஆதி அடிகளின் சமாதிக் கலசத்தைவிட உயரக் கூடாது என்கிறது. தென்னை இதற்குள் வருமா என்பது பற்றி இரண்டு உரைகள் உண்டு. இரண்டும் ஒத்துப்போகவில்லை. தென்னைகளை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

மறுநாள் குருபூஜை. பெண்களுக்கென்று மடத்தில் முதன்முறையாகக் கட்டிய மூன்று கழிப்பறைகள் அன்று மத்தியானம் தயாராகி நின்றன. கோமதிநாயகத்துக்கு நிலைகொள்ளவில்லை. மின்வாரியத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து, ஓய்வுபெற்றபின் சீடரானவர். போன வருஷக் குருபூஜைக்கு நடந்து வந்த அவர் மனைவி உலகம்மாள், ஒதுங்க இடமில்லை என்று முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வந்து வாசலில் மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகுதான் இந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சோதிக்க வந்த சுகாதார ஆய்வாளர் ஓர் இளம்பெண். அவள் முன்னிலையில் கோமதிநாயகம் முதல் கழிப்பறையின் பொத்தானை, தேர் வடம் பிடிப்பவர் முகத்தோடு அழுத்தினார். தண்ணீர் இடிபோல இறங்கியது. உடனே பக்கத்துக் கழிப்பறையின் கோப்பை இரண்டு முறை களகளவென்றது. அதில் நாற்றத்தை மறித்துத் தேங்கி நின்ற தண்ணீர் காணாமல் போனது. அடுத்த கணம் நாற்றம் வந்தது.

"காத்துக் குழாய் எங்க சார்?" என்றாள் அவள்.

கோமதிநாயகம் கூரைக்குக் கீழே, சுவரோரம், மூடி போட்டு நின்ற குட்டைக் குழாயைக் காட்டினார்.

"மூக்கைப் பொத்தி வச்சிருக்கீங்க. கூரைக்கு மேல ரெண்டடி நிக்கணும், வாய் திறந்திருக்கணும். அதுதான் விதி. நாலு மணிக்குத் திரும்ப வருவேன். இல்லேன்னா மூணுக்கும் பூட்டுதான்."

அவள் போனதும் குழாய் வேலைக்காரர் மைதீன் தலையைச் சொறிந்தார். "நான் அப்பவே சொன்னேன் அண்ணாச்சி. தண்ணி எறங்கும்போது காத்து கேக்கும். மேலேருந்து குடுக்கலேன்னா பக்கத்து வீட்டுல இருந்து புடுங்கிக்கும். ஏத்திரட்டுமா? அரை மணி நேர வேலை."

"ஏத்தினா கலசத்துக்கு மேல போயிரும்லா. பாறை மேல கட்டியிருக்கோம்."

"எவ்வளவு போகும்?"

"ஏழு அங்குலம்."

"ஏழு அங்குலத்தை யாரு பாக்கப் போறா?"

"நான் அளந்துட்டேனே மைதீன்."

மணி இரண்டரை. கோமதிநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குருவிடம் ஓடினார்.

நிராமய அடிகள் மடைப்பள்ளியில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சீடரைவிட இருபத்தேழு வயது இளையவர். கோமதிநாயகம் குழாய் விஷயத்தை மூச்சிரைக்கச் சொல்லி முடித்தார்.

"சாமி, பதினேழாவது விதியா, சுகாதார விதியா? எதை மீறுறது?"

"ஆதி அடிகளின் பதிகம் தெரியுமா ஐயா?"

"பத்துப் பாட்டும் மனப்பாடம் சாமி."

"முதல் பாட்டைப் பாடுங்கள். நடுவில் மூச்சு வாங்க வேண்டாம்."

கோமதிநாயகம் நெஞ்சை விரித்துக்கொண்டு தொடங்கினார். இரண்டாம் அடியில் குரல் மெலிந்தது. மூன்றாம் அடியில் கழுத்து நரம்பு புடைத்தது. நான்காம் அடியின் வாசலில் அவர் வாயைப் பிளந்து, பக்கத்து அடுப்பின் புகையை அப்படியே உள்ளே இழுத்து இருமினார்.

"நான்காம் அடி எங்கே?" என்றார் அடிகள்.

"வரல சாமி."

"மூச்சு வாங்கும்படி பதிகத்தில் எழுதியிருக்கிறதா?"

"இல்ல சாமி."

"வாங்காமல் யாராவது பாடியிருக்கிறார்களா?"

கோமதிநாயகத்தின் முகம் பளிச்சென்றது. இருமல் அடங்குமுன்பே பேசினார். "புரிஞ்சுட்டு சாமி. குழாய் மேல போகட்டும். நாம ஒண்ணு செய்வோம். கலசத்துக்கு அடியில ஓரடிக்குப் பீடம் கட்டி அதையும் ஒசத்திருவோம். மேஸ்திரி இங்கதான் நிக்காரு, சிமெண்டும் மிச்சம் கிடக்கு. ரெண்டு விதியும் நிக்கும்."

அடிகள் இன்னொரு கீற்றை நறுக்கினார். "நல்ல யோசனை."

"நாலு மணிக்குள்ள முடிச்சிரலாம் சாமி."

"முடிக்கலாம். அடுத்த வருஷம் ஆண்களுக்கும் கட்டுகிறோம் அல்லவா?"

"ஆமா சாமி. இன்னும் மேட்டுல."

"அப்போது?"

"கலசத்தை இன்னும் ஓரடி ஒசத்தலாம்."

"கூட்டம் கூடுகிறது. கழிப்பறைக்கு ஒரு மாடி போட்டால்?"

"ஒசத்தலாம்..."

அடிகள் கத்தியைக் கீழே வைத்தார்.

"சரி. பின்னால் வருகிறவர்கள் குழம்பாமல் இருக்க, இருபத்துநான்காம் விதியாக ஒன்றை எழுதி வைத்துவிடுங்கள். ஆதி அடிகள் எவ்வளவு உயரம் என்று தெரிய வேண்டுமானால், கழிப்பறையைப் போய் அளந்து பார்க்கவும்."

கோமதிநாயகம் வெளியே வந்தார். சுவரில் சாய்த்து வைத்திருந்த நீளக் குழாயைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மைதீன் பிடித்த ஏணியில் தாமே ஏறினார்.