அடுத்த இலை

ஆற்றங்கரை மடத்தில் மத்தியானம் யார் வந்தாலும் இலை போட்டுவிடுவார்கள். கோயிலுக்கு வந்தவர்கள், வயலில் கூலி வேலை பார்ப்பவர்கள், வழி தவறி வந்தவர்கள், எல்லோருக்கும் ஒரே பந்திதான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. சாப்பிடுகிறவர்கள் வாய் திறந்து எதுவும் கேட்கக் கூடாது. பரிமாறுகிறவர்கள் மட்டும் பேசலாம். இன்னும் வேண்டுமென்றால் இலையிலிருந்து கையை விலக்கிக்கொள்ள வேண்டும். போதுமென்றால் இலைக்கு மேலே கையை மறித்துக் காட்ட வேண்டும். பசியோடு வந்தவர்களுக்குக் கேட்கிற கூச்சம் வேண்டாமென்று முன்னே யாரோ ஏற்படுத்திவிட்டுப் போனது.

அடுப்படிக்கும் பந்திக்கும் பொறுப்பாகப் பூதலிங்கம் என்ற சீடரைக் குரு வைத்திருந்தார். ஐம்பதை நெருங்கியவர். ஓடி ஓடி வேலை பார்ப்பவர். அரிசி பருப்பு வைக்கும் உக்கிராண அறைச் சாவிக்கொத்து எப்போதும் அவர் விரலில் சுற்றிக்கொண்டே இருக்கும். யாரையும் ஒரு சுடுசொல் சொன்னவர் இல்லை.

குருபூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் பூதலிங்கம் குருவைத் தேடி வந்தார். குரு நந்தியாவட்டைப் பூ பறித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, இசக்கிமுத்து சாயங்கால பஸ்ஸுக்கு ஊருக்குப் போறாராம். பையைக் கட்டி வச்சாச்சு."

இசக்கிமுத்துதான் மடத்தின் தலைமைச் சமையல்காரர். குருபூஜைக் கூட்டத்துக்கு உலை வைக்கத் தெரிந்த வேறு கை அங்கே கிடையாது.

"ஏன் போறாராம்?"

"தெரியல சாமி. கேட்டா ‘ஒண்ணுமில்ல அண்ணாச்சி’ங்கிறார். போன மாசம் காய் நறுக்குற செண்பகம் போனா. அவளும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னா. அவளுக்கு முந்தி தண்ணி சுமக்குற மாடசாமி. அவரும் அதே பதில்தான்."

"நீ என்னன்னு கேட்டே?"

"தினமும் கேக்கேன் சாமி. ‘மனசுல குறை எதுவும் இருந்தா தயங்காமச் சொல்லணும், நாமெல்லாம் ஒரே குடும்பம்’னு ஒருத்தர் விடாமக் கேக்கேன். இதுக்கு மேல எப்படிக் கேக்கணும்? என் பேச்சுல என்ன தப்புன்னு நீங்களே சொல்லுங்க. திருத்திக்கிடுதேன்."

சாவிக்கொத்து கிணுகிணுத்தது.

"பேச்சுல தப்பில்லையே" என்றார் குரு.

"பின்ன ஏன் சாமி எல்லாரும் போறாங்க?"

குரு பூக்கூடையை அவர் கையில் கொடுத்தார்.

"இன்னைக்கு நானும் பந்தியில உக்காருதேன். எனக்கும் ஒரு இலை போடச் சொல்லு."

பூதலிங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. குரு பந்தியில் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு தன் அறையில் ஒரு பிடி சாப்பிடுவதுதான் குருவின் வழக்கம்.

மத்தியானம் குரு வந்து வரிசையின் நடுவில் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் ஒரு லாரி டிரைவர். அந்தப் பக்கம் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு பெண்.

குரு உட்கார்ந்திருக்கிறாரே என்று பூதலிங்கம் தாமே சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டார்.

"தாயி, கூச்சப்படாதீங்க, இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

"டிரைவர் அண்ணே, நல்லாச் சாப்பிடணும், போடவா?"

"சாமி, உங்களுக்கு?"

அந்தப் பெண் கையை மறித்தாள். டிரைவர் மறித்தார். குருவும் மறித்தார்.

இரண்டாம் சுற்று வந்தார். முன்னைவிட அன்பாகக் கேட்டார். முன்போலவே கைகள் மறித்தன. வரிசையின் கடைசிக்கு வந்தபோது வாளியில் பாதிச் சோறு மிச்சம் இருந்தது.

"எல்லாருக்கும் வயிறு நிறைஞ்சிட்டு" என்று பூதலிங்கம் திருப்தியோடு வாளியைக் கீழே வைத்தார்.

இலை எடுத்த பிறகு அடுப்படிக்குள் போனார். அங்கே குரு, கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு தட்டு. பாத்திரம் தேய்க்கும் ஆவுடையம்மாள் பானையடிச் சோற்றைச் சுரண்டி வைத்து, மோர் ஊற்றிக் கொடுத்திருந்தாள். குரு வேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பூதலிங்கம் பதறிப்போனார்.

"சாமி, இப்பத்தானே பந்தியில சாப்பிட்டீங்க?"

"பசி அடங்கல."

"ரெண்டு தடவை கேட்டேனே சாமி! நீங்கதானே வேண்டாம்னு கையை மறிச்சீங்க?"

"வாய் கேட்டது. ‘போடவா’ன்னு கேட்டு முடிக்குமுன்னே உன் கால் அடுத்த இலைக்குப் போயிட்டு. நான் காலுக்குப் பதில் சொன்னேன்."

ஆவுடையம்மாள் பாத்திரத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

"என்னத்துக்கு ஆவுடை சிரிக்கே?"

"இல்ல அண்ணாச்சி, பஸ்ஸுல கண்டக்டர் ‘டிக்கெட் வாங்காத ஆள் உண்டா’ன்னு கேட்டுக்கிட்டே பின்னால போயிருவாருல்லா. அவரு ஞாபகம் வந்திட்டு. கையில பையும் மடியில பிள்ளையுமா இருக்கவ, எப்ப டிக்கெட் வாங்குறதாம்?"

பூதலிங்கம் அவளைப் பார்த்தார். குருவின் தட்டைப் பார்த்தார். அந்தப் பிள்ளைக்காரி போய்விட்டாளா என்று வாசல் வரை போய்ப் பார்த்தார். போய்விட்டாள்.

விறகுக் கொட்டகைக்குப் பக்கத்தில் இசக்கிமுத்து தன் பையோடு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. பூதலிங்கம் வருவதைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார்.

"இருங்க இசக்கி."

பூதலிங்கம் விரலிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு எதிரே கிடந்த விறகுக்கட்டையில் உட்கார்ந்தார். பகலில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"ஏன் போறீங்க?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

பூதலிங்கம் எழுந்திருக்கவில்லை. வேறு எதுவும் கேட்கவும் இல்லை.

இசக்கிமுத்து பையின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மடத்து வாசலைப் பார்த்தார். உள்ளே யாரோ பூதலிங்கத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள்.

"உங்களத்தான் கூப்பிடுதாங்க அண்ணாச்சி."

"கூப்பிடட்டும்."

இசக்கிமுத்து தன் வலது கையை விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டார்.

"இந்தக் கை மரத்து மரத்துப் போகுது அண்ணாச்சி. சோறு வடிக்கையில பிடி நழுவுது. அன்னைக்கு ஆவுடை பக்கத்துல நின்னா. கொதிக்கிற கஞ்சி ஒரு சாண் தள்ளி விழுந்திட்டு." அவர் குரல் இறங்கியது. "குருபூஜை அன்னைக்கு எத்தனை பிள்ளைங்க ஓடித் திரியும். ஏதாவது ஆயிட்டா? சமையல்காரன் கை மரத்துப்போகுதுன்னு நாலு பேரு முன்னால எப்படிச் சொல்ல? அதான் போயிரலாம்னு..."

பூதலிங்கத்தின் வாயில் உடனே ஏதோ ஆறுதல் வார்த்தை வந்தது. அதை விழுங்கிக்கொண்டார். இசக்கிமுத்து கண்ணைத் துடைத்து முடிக்கும் வரை அப்படியே இருந்தார்.

"நாளைக்கு வைத்தியர்கிட்ட போவோம். அதுவரைக்கும் உலைப் பக்குவத்தை நீங்க பாருங்க" என்றார் பிறகு. "வடிக்கிறதுக்கு நானும் ஆவுடையும் பிடிக்கோம்."

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. இசக்கிமுத்து பையின் முடிச்சை அவிழ்த்து, அதற்குள்ளிருந்த கரித்துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் குரு பூ பறித்துக்கொண்டிருந்தார். பூதலிங்கம் வந்து கூடையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, நேத்து ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன். மத்ததெல்லாம் அவராவே சொன்னார். இத்தனை நாளும் பேசிப் பேசித்தான் கெடுத்திருக்கேன் போல. இனிமே மௌனமாவே இருந்திரலாம்னு பாக்கேன். விரதம் எடுத்துக்கிடட்டுமா?"

"அப்ப பந்தியில சோறு வேணுமான்னு யாரு கேப்பா?"



குரு இன்னும் ஒரு பூவைப் பறித்துக் கூடையில் போட்டார்.

"கேளு" என்றார். "கேட்டுட்டு, நில்லு."