பின்பலகைக்குள் இருந்த தண்ணீர்

குருவுக்கு வயது முப்பத்துமூன்று. சீடருக்கு ஐம்பத்தெட்டு. குரு ஒரு பெண். இதில் யாருக்காவது மனக்குறை இருந்தால், சீடருக்கும் அது இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டு மேலே படிக்கலாம்.

குருவின் பெயர் பூங்கோதை. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, மணலில் போட்ட ஒரு கொட்டகையில் ஃபைபர் படகுகளுக்குப் பின்பலகை மாற்றித் தருகிறவர். எஞ்சின் தொங்குவது அந்தப் பலகையில்தான். வெளியே வழவழவென்று ஃபைபர், உள்ளே மரம். உள்ளே மக்கினால் வெளியே தெரியாது.

"நான் போட்ட பலகை ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல" என்பார் பூங்கோதை. கூச்சப்படாமல் சொல்வார். இதையே ஓர் ஆண் சொன்னால் தொழில்சுத்தம் என்பார்கள்.

அவரிடம் ஒரு விதி உண்டு. படகைக் கொண்டுவருகிறவர் வேலை முடியும்வரை கூட நின்று வேலை செய்ய வேண்டும். விட்டுவிட்டுப் போகிறவர்களின் படகை அவர் தொடமாட்டார்.

அப்படித்தான் சிங்காரவேல் சீடரானார்.

அவருடைய படகைப் போல அழகான படகு அந்தக் கரையில் இல்லை. பெயின்ட் உரியவில்லை, பாசி இல்லை. பின்பலகையின் இடது மேல்மூலையில் ஒரு பித்தளைத் தகடு. 'மாசிமகப் படகுப் போட்டி, முதல் பரிசு.' முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படித் துலக்கியிருந்தது.

அந்தப் படகின் பின்பலகைதான் போன மாதம் நடுக்கடலில் விண்டது. எஞ்சின் பின்னால் சாய்ந்துவிட்டது. சிங்காரவேலின் மகன் கதிரவன் எஞ்சினைக் கயிற்றால் கட்டி, கயிற்றைத் தன் முதுகைச் சுற்றிப் போட்டு இழுத்துப் பிடித்தபடியே கரை வந்து சேர்ந்தான். முதுகில் இன்னும் தழும்பு இருக்கிறது.

முதல் நாள் சிங்காரவேல் ஒரு சாக்கோடு வந்தார். சாக்கிலிருந்து நான்கு பலகைத் துண்டுகளை எடுத்து மணலில் வரிசையாக வைத்தார்.

"மரைன் பிளைவுட். தேக்கு. பிளாஸ்டிக் பலகை. இது ஃபோம் பலகை, கொச்சியிலேர்ந்து வரவழைச்சேன். சொல்லு பாப்பா, இதுல எது மக்காது?"

"மக்கினது எதுன்னு முதல்ல பார்ப்போம், பெரியப்பா."

"மக்கினது மரம். இதைச் சொல்ல மேஸ்திரி வேணுமா?"

பூங்கோதை கிரைண்டரை அவர் கையில் கொடுத்தார்.

"அறுங்க."

சிங்காரவேல் உள்பக்கத்து ஃபைபரை அறுத்து உரித்தார். உள்ளே மரம் டீத்தூள் சக்கை மாதிரி கறுத்துக் கிடந்தது. விரலை வைத்தால் உள்ளே போனது.

"பார்த்தியா? கடல் தின்னுடுச்சு" என்றார் அவர்.

"எந்த இடத்துல கடல் ரொம்ப அடிக்கும்?"

"அடியில. இது என்ன கேள்வி?"

"வலது அடிமூலையில உளியை வைங்க."

வைத்தார். உளி இறங்கவில்லை. சுத்தியலால் தட்டினார். மரம் கணீரென்றது.

சிங்காரவேல் முகத்தைச் சுளித்தார். "ஒரு மூலை தப்பிச்சிருக்கும்."

"கறுப்பு எங்கேர்ந்து வருதுன்னு போய்ப் பாருங்க."

அவர் உளியால் சுரண்டிக்கொண்டே மேலே போனார். கறுப்பு, கீழே அகலமாகவும் மேலே போகப் போக ஒடுங்கியும் இருந்தது. இடது மேல்மூலையில், பித்தளைத் தகட்டின் நான்கு திருகாணிகளுக்குப் பின்னால் போய் முடிந்தது. ஒரு திருகாணியைச் சுற்றி இன்னும் ஈரம் கசிந்துகொண்டிருந்தது.

"தொட்டு நாக்குல வைங்க" என்றார் பூங்கோதை.

"என்னது?"

"அந்தத் தண்ணிய."

"ஏம்மா, உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"பந்தயத்துல முதல் பரிசு வாங்கினவரு, ஒரு சொட்டுக்குப் பயப்படுறீங்களே."

சிங்காரவேல் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கசந்தது. துப்பினார். மறுபடி தொட்டு வைத்தார்.

உப்பு இல்லை.

அந்த நேரத்தில் அவர் மனைவி வேதநாயகி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார். தூக்கை மணலில் வைத்துவிட்டு, இடுப்பில் கையை அழுத்தியபடி மெதுவாக நிமிர்ந்தார்.

"என்னத்த நக்கிக்கிட்டு நிக்கிறாரு இவரு?"

"பெரியம்மா, நீங்களும் கொஞ்சம் பாருங்க."

வேதநாயகி எந்தக் கேள்வியும் கேட்காமல் ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தார். ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"என்ன சிரிப்பு?" என்றார் கணவர்.

"இது எங்க தெருக்குழாய்த் தண்ணி. நான் தூக்கின தண்ணி."

பூங்கோதை சிங்காரவேலைப் பார்த்தார். சிங்காரவேல் கடலைப் பார்த்தார்.

"எஞ்சினை நல்ல தண்ணியில கழுவச் சொன்னான் கம்பெனிக்காரன்" என்றார்.

"எஞ்சினைத்தான சொன்னான்?" என்றார் வேதநாயகி. "பரிசு வாங்கின படகு உப்போட நிக்கலாமான்னு சொன்னது யாரு? மூணு வருஷம், பாப்பா. தினம் எட்டுக் குடம். குழாய்ல ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணி வரும். விடியக்காலம் போய் வரிசையில நின்னு, சண்டை போட்டு, பிடிச்சாந்து அண்டாவுல சேத்து வெச்சு, இதைக் குளிப்பாட்டினேன். நான் தலைக்கு ஊத்தினது அரைக் குடம்."

"உப்புத்தண்ணி மரத்தை ஊறவைக்கும்" என்றார் பூங்கோதை, யாரிடமும் சொல்லாதது போல. "மக்கவைக்கிறது நல்ல தண்ணி."

வேதநாயகி தூக்கைத் திறந்து சோற்றை எடுத்து வைத்தார். கணவர் அன்று மீன் முள்ளை எடுக்க வெகுநேரம் ஆக்கினார்.

மறுநாள் அவர் விடியுமுன்னே வந்துவிட்டார். அழுகின மரம் முழுவதையும் சுரண்டி எடுத்து, வெளிப்பக்கத்து ஃபைபரைத் துடைத்துக் காயவைத்திருந்தார்.

"ராத்திரி யோசிச்சேன்" என்றார். "உப்போ, நல்ல தண்ணியோ, எது பட்டாலும் மக்காத பலகை வேணும். அதுதான் சரியான பேச்சு. தண்ணி மேல ஏன் பழி?"

"சரி. எடுங்க."

"ஃபோம் பலகை."

"அது மக்காது" என்று பூங்கோதை ஒத்துக்கொண்டார். அதில் ஒரு துளை போட்டு, போல்ட்டு கோத்து, ஸ்பேனரைக் கொடுத்தார். "முடுக்குங்க."

முடுக்கினார். போல்ட்டின் தலை பலகைக்குள் அமுங்கிப் பள்ளம் விழுந்தது.

"நசுங்குது!"

"ஆமா. மக்காததுக்கும் ஒரு வலி இருக்கும்."

"அப்ப தேக்கு?"

"அதுலயும் ஓட்டை போடத்தான செய்வீங்க?"

சிங்காரவேலுக்குக் கோபம் வந்தது. "அப்ப எதுதான் சரி? எம்மவன் இந்தப் பலகையை நம்பி ஆறு மைல் போறான். எதைப் போட்டா திரும்பி வருவான்? அதைச் சொல்லு, போதும். விளையாட்டுக்கா கேக்குறேன்?"

பூங்கோதை ட்ரில்லை எடுத்தார். அதே ஃபோம் பலகையில் வேறோர் இடத்தில், போல்ட்டைப் போல மூன்று மடங்கு பெரிய துளை போட்டார். ரெசின் என்ற பசையில் கண்ணாடி நார்த்தூளைக் குழைத்துக் களிபோல் ஆக்கி, அந்தத் துளையை முழுக்க அடைத்தார். அது கல்லாக இறுகும்வரை இருவரும் டீ குடித்தார்கள். பிறகு அந்தக் கல்லின் நடுவில் போல்ட்டு அளவுக்குத் துளை போட்டார்.

"இப்ப முடுக்குங்க."

சிங்காரவேல் இரண்டு கையாலும் முடுக்கினார். பல்லைக் கடித்து முடுக்கினார். ஒன்றும் அமுங்கவில்லை. துளைக்குள் எட்டிப் பார்த்தார். போல்ட்டைச் சுற்றி ரெசின் மட்டும். போல்ட்டு பலகையைத் தொடவே இல்லை.

ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"மேஸ்திரி" என்றார். அன்றுதான் அப்படிக் கூப்பிட்டார். "படகுப் பலகையில வர்ற எட்டுத் துளையையும் நானே போடுறேன்."

ஒன்பது நாள் வேலை நடந்தது. சிங்காரவேல் பலகையை வெட்டினார், ஒட்டினார், நார்ப்பாய் விரித்து ரெசின் பூசினார், ஒரு குமிழிகூட இல்லாமல் உருளையால் தேய்த்தார். ஒருமுறை பூங்கோதை பிரிக்கச் சொன்னார். பிரித்தார். இன்னொருமுறை அவர் சொல்வதற்கு முன்பே பிரித்தார்.

ஒன்பதாம் நாள் மாலை எஞ்சினை மாட்டினார்கள். கதிரவன் எஞ்சின்மேல் ஏறி நின்று குதித்தான். பலகை அசையவில்லை. ஆறேழு பேர் கூடிவிட்டார்கள்.

"என்னா பலகை சித்தப்பா, இரும்பா?"

"இரும்பு துரு பிடிக்கும்டா" என்றார் சிங்காரவேல். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. "இது எங்க மேஸ்திரியும் நானும் போட்டது."

கூட்டம் கலைந்ததும் அவர் வேட்டி மடியிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தார். பித்தளைத் தகடு. புதிதாகத் துலக்கியிருந்தார். இன்னொரு கையில் ட்ரில்.

பூங்கோதை அந்த ட்ரில்லை முறைத்தார்.

"முறைக்காதே மேஸ்திரி. நீ கத்துக்கொடுத்த மாதிரியே பெருசா துளை போட்டு, அடைச்சு, அதுக்குள்ள திருகாணி. சொட்டு இறங்காது. இறங்கினாலும் மக்காது. தப்பா?"

"தப்பில்ல. வேலை சுத்தமா இருக்கும்."

"அப்படிச் சொல்லு!" அவர் குழந்தையைப் போலச் சிரித்தார். "நாளைக்குக் காலையில கடல்ல இறக்குறோம். இனி பயமில்ல. உப்புல நிக்கவும் வேணாம். முன்ன மாதிரியே தினம் கழுவலாம். எட்டுக் குடமென்ன, பத்துக் குடம் ஊத்தினாலும் இதை ஒண்ணும் செய்யாது. இன்னிக்கே ஒரு கழுவு கழுவிடலாம்னு வீட்டுல சொல்லிட்டேன்."

தெருமுனையிலிருந்து வேதநாயகி வந்துகொண்டிருந்தார். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். மணலுக்கு வந்ததும் நடை பாதியாகக் குறைந்தது. பாதி வழியில் நின்று, குடத்தை இறக்காமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து மூச்சு வாங்கினார். பிறகு மறுபடி நடந்தார்.

சிங்காரவேல் தகட்டைப் பலகையில் வைத்து அளவு பார்த்தார். பென்சிலால் நான்கு புள்ளி வைத்தார்.

"நேரா இருக்கா, மேஸ்திரி?"

பூங்கோதை தகட்டைப் பார்க்கவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, பெரியம்மாவோட இடுப்பு எந்தப் பலகையில செஞ்சது?"