ரெய்டு கோச் வேலைக்கு மூன்று பேர்

இந்தக் கதைக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆகவே யார் என்ன பேசினார்கள் என்பதோடு, யார் கை என்ன செய்தது என்பதையும் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

தாமிரபரணிக் கரையில் ஒரு கல்லூரி. அதன் கபடி அணி இரண்டு வருடங்களாக ஒரு போட்டியிலும் ஜெயிக்கவில்லை. பிடிப்பதில் குறையில்லை; ரெய்டுக்குப் பாடிப் போகிற பையன்கள்தான் வெறுங்கையோடு திரும்பினார்கள். எந்த ஊர்க் களமானாலும் எதிரணியின் வலது மூலைக்கு ஓரடி முன்னால் கால் நின்றுவிடும். இரண்டு வருடங்களுக்கு முன் அப்படியொரு வலது மூலையில்தான் அவர்களுடைய கொம்பையா விழுந்தான். சொந்தக் கல்லூரி உள்ளரங்கில், இறுதிப் போட்டியில், ஒரு புள்ளி குறைவாக இருக்கையில், அரை நிமிடமே பாக்கி. முந்தைய ரெய்டில் பிடரியில் அடிபட்டு அதைத் தேய்த்துக்கொண்டே திரும்பியவன், மறுபடியும் போனான். மூன்று பேர் அவன்மேல் சரிந்தார்கள். அந்த மூவரும் எழுந்தார்கள், அவன் எழவில்லை.

அணியின் பொறுப்பு உடற்கல்வி இயக்குநர் ஆறுமுகநயினாருக்கு. மதியம் ஆளில்லாத உள்ளரங்கைப் பூட்டப் போனால், 'கபடி கபடி கபடி' என்று ஒரு குரல் ஒரே மூச்சில் ஓடிக்கொண்டிருப்பது அவர் காதில் விழும். எந்த மனிதனுக்கும் அவ்வளவு மூச்சுக் கிடையாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கோ பட்டப்பகலில் கேட்டது. பயந்துபோனார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

இந்த வருடமும் தோற்றால் விளையாட்டு ஒதுக்கீட்டு விடுதி இடங்கள் பன்னிரண்டும் ரத்து என்று கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். விடுதி போனால் பையன்களில் பாதிப் பேருக்குப் படிப்பே போய்விடும். ரெய்டுக்கென்று தனியாக ஒரு கோச்சை ஆறுமுகநயினாரே பார்த்துப் போட வேண்டும். மூன்று பேர் வந்தார்கள். ஆளுக்கு ஒரு மாலைப் பயிற்சியை ஒப்படைத்தார். முடிந்ததும் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: கொம்பையா விழுந்த அன்றைக்கு நீங்கள் பெஞ்சில் இருந்திருந்தால்?

முதலில் பலவேசம். வடநாட்டுக் கிளப்புகளுக்குக் கோப்பைகள் வாங்கிக் கொடுத்தவர். மூலைக்கு முன்னால் திரும்புகிறவன் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட வேண்டும் என்றார். இரண்டு பேர் மூலை வரை போனார்கள், கண்ணை இறுக மூடிக்கொண்டு. கேள்விக்கு அவர் யோசிக்கவே இல்லை. "அனுப்பியிருப்பேன் சார். ஒரு பாயின்டு, அரை நிமிசம். வேற என்ன செய்ய முடியும்?"

அடுத்து முத்துப்பேச்சி. பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் ரெய்டராக இருந்தவள், கொம்பையாவின் அக்காள். அவள் பையன்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. தானே பாடிப் போய் வலது மூலையில் கால் பதித்து, தொட்டுவிட்டுத் திரும்பினாள். மறுபடியும் போனாள். ஏழாவது தடவைக்குப் பிறகு ஒரு பையன் தானாக எழுந்து போனான், அவன் பின்னால் இன்னும் மூன்று பேர். பார்த்துக்கொண்டிருந்த ஆறுமுகநயினாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நானா இருந்தா டைம் அவுட் கேட்டிருப்பேன் சார்," என்றாள். "ஒரே ஒரு நிபந்தனை. கையத் தூக்காம உக்காந்திருந்தானே ஒரு கோச்சு, அந்த ஆளு இந்த வாசல மிதிக்கக் கூடாது. மிதிச்சா நான் இருக்க மாட்டேன்."

அவள் சொன்ன ஆள் மறுநாளே வாசலை மிதித்தார். ஞானதுரை, பழைய ரெய்டு கோச். டைம் அவுட் ஏன் கேட்கவில்லை என்று ஊரே காறித் துப்பியபோது தலைகுனிந்து போனவர். அவர் பயிற்சியில் ஒருவன்கூட மூலை வரை போகவில்லை. ஆனால் வலி இருந்தால் கையைத் தூக்கு என்று அவர் சொன்னதும், ஒரு மாதமாக முழங்கால் வலியை மறைத்து ஆடிய ஒரு பையன் மெல்லக் கையைத் தூக்கினான்.

கேள்வியைக் கேட்டதும் ஞானதுரை அவரையே பார்த்தார். "நான் கையத் தூக்கத்தான செஞ்சேன், அண்ணாச்சி. எங்கிட்ட போய்க் கேக்கியளே."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். அன்றைக்கு ஞானதுரை டைம் அவுட்டுக்குக் கையைத் தூக்கியதும், பக்கத்திலிருந்த ஆறுமுகநயினார் அந்த மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தார். அரை நிமிசம்தானே, இருக்கட்டும் என்றார். கூட்டம் முழுக்கக் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஒருவரும் பெஞ்சைப் பார்க்கவில்லை. விசாரணையில் ஞானதுரை வாய் திறக்கவில்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா அந்தத் தாய்க்குப் பிள்ளை வந்துருமா? நீங்க எனக்குச் சோறு போட்ட மனுசன். ஆனா இப்போ பிள்ளைங்க தோத்துத் தோத்துச் சாவுதுங்க, பாத்துட்டு இருக்க முடியல."

காலைக்குள் பெயர் வேண்டும் என்று முதல்வர் கேட்டிருக்கிறார். தாள் முன்னால் வெறுமையாகக் கிடக்கிறது. ஜெயித்துக் காட்டியவரா, தம்பியைப் பறிகொடுத்தவளா, பழியைச் சுமந்தவரா? ஆறுமுகநயினார் யார் பெயரை எழுதினால் சரி?

விடை: பலவேசம் ஒரு பயத்தை இன்னொரு பயத்தால் விரட்டுகிறவர், அன்றைய தவறை மறுபடியும் செய்வேன் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டார். ஞானதுரை பெயரை எழுதத்தான் பலருக்கும் கை பரபரக்கும். அப்படி எழுதினால் ஆறுமுகநயினார் தன் பாவத்தைப் பையன்களின் படிப்பைக் கொடுத்துக் கழுவுகிறார் என்றுதான் அர்த்தம். பையன்களைத் தாங்களாகவே எழுந்து போகவைத்தவள் முத்துப்பேச்சி ஒருத்திதான்; வேலை அவளுக்கு. ஆனால் அவள் போட்ட நிபந்தனை ஒரு பொய்யின்மேல் நிற்கிறது. அதைத் தெரிந்துகொண்டே ஒப்புக்கொண்டால் அவர் இரண்டாவது தடவையும் ஞானதுரையின் கையைப் பிடித்து இழுத்தவர் ஆவார். ஆகவே முதலில் அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், பிறகுதான் பெயர். அவர் சொன்னார். அவள், "தம்பி பெஞ்சப் பாத்தானா சார்?" என்று கேட்டாள். "பாத்தான்மா. கை இறங்கினதப் பாத்துட்டுத்தான் போனான்." அவள் அழவில்லை. "நான் வாறேன் சார். பெஞ்சில என் பக்கத்துல ஞானதுரை சார் உக்காரட்டும். நீங்க கேலரியில உக்காருங்க," என்றாள். அந்த வருடம் எல்லாப் போட்டிக்கும் ஆறுமுகநயினார் கேலரியில்தான் உட்கார்ந்தார்.