குப்பையில் அரசர் பங்கு

முன்னொரு காலத்தில், எந்த ஊர், எந்த ராஜா என்றெல்லாம் என்னைக் குடையாதீர்கள், ஓர் ஊரில் காய்ச்சல் வந்து வீட்டுக்கு வீடு அழுகுரல் கேட்டது. குடிதண்ணீர் வரும் வாய்க்காலில் குப்பை மண்டிக் கிடந்தது. ஊர்ச்சபை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த நெசவாளர் தெரு ஜனங்கள் தாங்களே வாய்க்காலில் இறங்கினார்கள். முதலில் இறங்கியவள் செங்கமலம். பெற்ற ஒரே பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். அரண்மனை விகடகவி விருத்தகிரியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களோடு கூடை சுமந்தான்.

கரையில் மலையாகக் குவிந்தது குப்பை. ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வண்டி வேண்டுமே! சபைத் தலைவர் பூதநாதரிடம் போய்க் கேட்டார்கள். ஜனங்கள் விருத்தகிரியைக் கொண்டாடுவதில் அவருக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல். வண்டி தர மறுத்ததோடு, நேரே அரசனிடம் போய் வத்தியும் வைத்தார்.

அரசனுக்கோ வசந்த விழாவன்று அந்தக் கரை வழியே பவனி போக ஆசை. "குவித்தவர்களுக்கே குப்பை சொந்தம். விழாவுக்குள் அகற்றாவிட்டால் அந்தத் தெருவே ஊரைவிட்டு வெளியேறட்டும்" என்று ஆணை போட்டுவிட்டான். பாவி மனிதன், கொஞ்சமாவது யோசித்தானா?

செய்தி கேட்டுச் செங்கமலம் இடிந்துபோய் உட்கார்ந்தாள். "எம் புள்ளயப் பொதச்ச மண்ணு இங்கதானண்ணே இருக்கு. அத விட்டுட்டு நான் எங்க போவேன்?" விருத்தகிரி குப்பைக் குவியலையும் பக்கத்தில் கிடந்த கூடையையும் மாறிமாறிப் பார்த்தான்.

மறுநாள் அவன் குப்பைக் கூடையோடு அரசவைக்குள் நுழைந்தான்.

"என்ன துணிச்சல் உமக்கு!" மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினான் அரசன்.

"தங்கள் பங்கு, அரசே. குடிகள் குவித்ததில் ஆறில் ஒன்று அரசருக்கல்லவா? இது மாதிரிக்கு ஒரு கூடைதான். மீதியை ஏற்ற வண்டிகளை அனுப்பியருள வேண்டும்."

"அது நெல்லுக்கு ஐயா!" என்று சீறினார் பூதநாதர்.

"குப்பையும் எங்கள் சொந்தப் பொருள் என்று ஆணை பிறந்துவிட்டதே, தலைவரே! அரசர் பங்கை அளந்து எடுக்கும்வரை களத்து நெல்லில் உழவன் கை வைக்கக் கூடாது, வைத்தால் திருட்டு. அதே சட்டம்தானே இதற்கும்? பங்கு போகாமல் நாங்கள் எப்படி இதை அகற்றுவது?"

அரசன் கூடையைப் பார்த்தான், பூதநாதரைப் பார்த்தான், வயிறு குலுங்கச் சிரித்தான். "என் களஞ்சியத்தில் இதைக் கொட்டிவிடாதீர் ஐயா! என்ன செய்யலாம், நீரே சொல்லும்."

"போட்டது ஊர், அரசே. அள்ளுவதற்கு ஜனங்கள் தயார். கூடையும் வண்டியும் சபை கொடுத்தால் போதும்."

"ஆணையை நீக்கினேன். இனி ஜனங்கள் துப்புரவுக்கு இறங்கும்போதெல்லாம் சபை வண்டி அனுப்ப வேண்டும். பூதநாதரே, முதல் வண்டியோடு நீரே போம்!" என்ற அரசன், தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி விருத்தகிரிக்குப் போட்டான்.

அன்று பிற்பகலே வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. முகம் சுண்டிப்போய் இறங்கினார் பூதநாதர். தெருவே ஆரவாரம் செய்தது. செங்கமலம் மட்டும் ஒரு வண்டியின் சக்கரத்தைப் பிடித்தபடி நின்றாள்.

"ஏண்ணே, இத்தன வண்டியும் இம்புட்டு நாளா எங்க இருந்துச்சு?"

"சபைக் கொட்டகையிலதான் தாயி. சும்மா நின்னுச்சு" என்றான் விருத்தகிரி.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குப்பைக் கூடையைத் தூக்கி வண்டியில் கொட்டினாள்.