இரண்டாவது இலை

சாரதாமணி கண்ணை மூடினால் தியானம் வரவில்லை, ரத்தப் பரிசோதனைத் தாள்தான் வந்து நின்றது. ஒரு கண்ணைத் திறந்து குருவைப் பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில், ஒரு கரட்டுக் குன்றின் மேல் இருந்தது அந்தச் சிறிய ஆசிரமம். படியேறி வருவதற்குள் மூச்சு வாங்கி, வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வந்திருந்தாள். குருவை எல்லோரும் அம்மா என்று கூப்பிட்டார்கள். அவர் சாரதாமணியைவிட வயதில் இளையவர். தன்னை யாராவது அப்படிக் கூப்பிட மாட்டார்களா என்று கல்யாணமான நாளிலிருந்து ஏங்குகிறவளுக்கு, அந்தச் சொல்லை இன்னொருத்தியிடம் சொல்லும்போதெல்லாம் உறுத்தியது.

"உக்காந்த எடத்துல எறும்பு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார் அம்மா.

"இல்லீங்கம்மா."

இனி மறைத்துப் பயனில்லை. பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். மடித்து மடித்து அது கிழியும் பதத்தில் இருந்தது.

"பாருங்கம்மா. தைராய்டு நார்மல்னு போட்டிருக்குது. ரத்தமும் நார்மல். டாக்டரம்மா என்னடான்னா, கொழந்தை வேணும்னா தைராய்டு நம்பர் இன்னும் கொஞ்சம் எறங்கோணுங்கறாங்க. ஒடம்புல சேத்து வெச்சிருக்கற இரும்புச்சத்து அடிமட்டத்துல நிக்குதாமா. ரெண்டு மாத்திரை எழுதிட்டாங்க. அதையும் ஒண்ணாப் போடக் கூடாதாம், நடுவுல நாலு மணி நேரம் விடோணுமாம்."

"போடறீங்களா?"

சாரதாமணி பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு அட்டைகளும் பிரிக்காமல் பைக்குள் கிடந்தன.

"போட்டா, கொறை என்கிட்டன்னு ஆயிருமுங்களே. மாமியா காதுல விழுந்தா ஊருக்கே தெரிஞ்சுரும். தாளே நல்லாருக்குதுங்குது. தாள் பொய்யா, டாக்டரம்மா பொய்யா? நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க. போகட்டுங்களா, இத்தோட விட்டுரட்டுங்களா?"

அம்மா எழுந்தார்.

"எனக்குப் பசிக்குது. நீங்க செவ்வாக்கிழமை விரதம், சாப்பிட மாட்டீங்க. எனக்கு மட்டும் சோறு பொங்குங்க."

இதற்காகவா இத்தனை படி ஏறினோம் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் அடுப்படிக்குப் போனாள். பொங்கிப் பழகிய கை, ஓர் ஆளுக்கான அரிசியைத் திட்டமாக எடுத்தது. உலை கொதிப்பதற்குள் தாளை இன்னொரு தடவை விரித்துப் பார்த்தாள். அதில் எதுவும் மாறியிருக்கவில்லை.

சோற்றை வடித்துவிட்டுத் திரும்பினால், அம்மா இரண்டு இலை போட்டிருந்தார்.

"யாருங்கம்மா வர்றாங்க?"

"ஒரு விருந்தாளி. வந்தாலும் வருவாங்க."

"மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா? இந்தச் சோறு பத்தாதுங்களே."

"அளவு தப்பிட்டீங்களா?"

"நான் எங்கீங்கம்மா தப்புனேன்?" சாரதாமணிக்குச் சுருக்கென்றது. "ஓர் ஆளுக்கு இது சரியான அளவுதான். ரெண்டு ஆளுன்னா..."

கையில் சோற்றுக் கரண்டியோடு அந்த இரண்டாவது இலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மா அரிசிப் பானையை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் குனிந்து அரிசியை அள்ளினாள். கொஞ்சம் கீழே சிந்தியது. இத்தனை வருடமாக வாய்விட்டுக் கேட்கப் பயந்த கேள்வி அப்போதுதான் வெளியே வந்தது.

"அம்மா, மாத்திரை போட்டும் அந்த விருந்தாளி வரலைன்னா?"

அம்மா இரண்டாவது இலையிலும் தண்ணீர் தெளித்தார்.

"வரலைன்னா நீங்க உக்காந்து சாப்பிடுங்க. படியேற மூச்சு வாங்கறது உங்களுக்குத்தானுங்களே."