ஒரு சாண் எழுந்த அறை

கொள்ளிடம் கடலைச் சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு மடம் இருந்தது. அதை நடத்தியவருக்கு நாற்பது வயதுதான். எல்லோரும் அம்மை என்று அழைத்தார்கள். சீடர்களில் வயது கூடியவர் உடையப்பன். அறுபத்திரண்டு. வறண்ட சீமையில் தண்ணீர்த் தொட்டி கட்டும் கொத்தனாராக இருந்தவர்.

ஒரு சித்திரை மாதக் காலையில் அவர் கேட்டார்.

"இந்தப் பக்கம் எந்த வீட்டிலயும் நிலவறை இல்லையே. ஏம்மா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"எனக்கு ஒன்னு வேணும். தியானத்துக்கு. மேலே சத்தம் அதிகமா இருக்கு."

எந்தச் சத்தம் என்று அம்மை கேட்கவில்லை. அமாவாசைதோறும் உடையப்பனின் தம்பி முத்திருளன் இரண்டு பஸ் மாறி வருவார். வாசல் பந்தலில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். இருமுவார். மாலை பஸ்ஸுக்குப் போய்விடுவார். பதினோரு வருடங்களுக்கு முன் அண்ணன் கிணற்றை ஒட்டித் தம்பி ஆழ்துளைக் கிணறு போட்டார். அண்ணன் கிணறு வற்றியது. அன்றிலிருந்து பேச்சு இல்லை. இந்தத் தை மாதத்திலிருந்து இருமல் நீண்டுகொண்டே வந்தது.

"தோண்டிப் பாருங்க," என்றார் அம்மை. "ஏன் இல்லைன்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க."

மடப்பள்ளிச் சுவரை ஒட்டி உடையப்பன் தோண்டினார். சமையல் செய்யும் தையல்நாயகி, உள்ளூர்க்காரி, எட்டிப் பார்த்தாள்.

"எங்க ஊர்ல பொணத்தையே இடுப்பளவுதான் புதைப்போம் ஐயா. அதுக்குக் கீழே போனா அது குளிக்க ஆரம்பிச்சிரும்."

"முப்பது வருஷம் தொட்டி கட்டினவன் நான். என் தொட்டியில ஒரு சொட்டு வெளியே போனதில்லை. வெளியே போகாதது உள்ளேயும் வராது."

"உங்க ஊர்ல போகத்தான் தண்ணி ஏது?" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்புக்குத் திரும்பினாள்.

ஏழடியில் மண் ஈரமாக இருந்தது. கோடையானதால் ஊற்று இல்லை. தரை, நான்கு சுவர், மேலே தளம், எல்லாவற்றையும் தொட்டி கட்டுவதுபோலவே காங்கிரீட்டில் வார்த்தார். இறங்க ஒரு ஏணி. வாய்க்கு ஒரு மூடி. சிமென்ட் பாலை மூன்று தடவை பூசினார்.

ஆடி அமாவாசைக்கு நாள் முழுக்க உள்ளே இருந்தார். இருட்டியதும் ஏறி வந்தார்.

"தம்பி வந்தாரா?" என்று கேட்டார் அம்மை.

"தெரியலை."

"அப்போ அறை நல்லா அமைஞ்சிருச்சு."

உடையப்பன் தலையசைத்தார். அம்மை விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் ஒன்பது நாள் மழை பெய்தது. பத்தாம் நாளும் விடவில்லை. காலையில் தையல்நாயகி வந்து நின்றாள்.

"ஐயா, உங்க அறை வெளியே வருது."

அவர் சிரித்தார். பிறகு போய்ப் பார்த்தார்.

அறை ஒரு சாண் மேலே எழுந்திருந்தது. ஒரு பக்கம் சாய்ந்து மடப்பள்ளிச் சுவரை நெம்பிக்கொண்டிருந்தது. சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. உள்ளே இறங்கினார். தரை காய்ந்து கிடந்தது.

தளத்தின் மேல் மணல் மூட்டை அடுக்கினார். மதியத்துக்குள் இன்னும் இரண்டு விரல்கடை எழுந்தது. வெடிப்பு கூரைவரை போனது. தையல்நாயகி பாத்திரங்களைக் கூடத்துக்கு மாற்றினாள்.

அம்மை மழையில் நனைந்துகொண்டு வந்தார்.

"இன்னும் எவ்வளவு பாரம் ஏத்தினா நிக்கும்மா?"

"உள்ளே என்ன இருக்கு?"

"ஒன்னுமில்லை. காலி."

"தண்ணி?"

"ஒரு சொட்டு இல்லை." இவ்வளவுக்கும் நடுவில் அதைச் சொல்லும்போது அவர் குரல் நிமிர்ந்தது.

"ஓடமும் அப்படித்தான் மிதக்குது," என்றார் அம்மை.

பிறகு அம்மையே கடப்பாரையைக் கொண்டுவந்து நீட்டினார். உடையப்பன் அதை வாங்காமல் நின்றார்.

"மூனு தடவை பூசினேன்மா."

"தெரியும். சுவர் இன்னிக்கு ராத்திரி தாங்காது."

உடையப்பன் கடப்பாரையை வாங்கிக்கொண்டு இறங்கினார். தரையின் நடுவில் இடிக்கத் தொடங்கினார். வெகுநேரம் இடித்தார். கடைசி இடியில் கடப்பாரை கையை விட்டு இறங்கியது. ஓட்டையில் தண்ணீர் வந்தது. தெளிவாக இருந்தது. கணுக்கால், முழங்கால், தொடை. இடுப்புக்கு வந்தபோது அறை ஒரு தரம் முனகியது. சேறு நிறைந்த பள்ளத்தில் மெல்ல அமர்ந்தது. சாய்வு முழுதும் போகவில்லை. ஆனால் சுவரை விட்டுவிட்டது.

அவர் ஏணியில் ஏறி வந்தார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மழை விட்டிருந்தது. வாசல் பந்தலில் யாரோ இருமினார்கள். இருமல் நிற்கவில்லை. தையல்நாயகி ஒரு சொம்பில் வெந்நீர் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

"இன்னிக்கு அமாவாசையா?"

"ஆமாம்."

உடையப்பன் நிலவறையைப் பார்த்தார். வாய்க்குள் தண்ணீர் கறுப்பாக அசைந்தது.

"இனிமே நான் எங்கே போய் உக்காருறது?"

"பந்தல்ல இருக்கிறது நீளமான பெஞ்சு," என்றார் அம்மை. "ஒருத்தர்தான் உக்காந்திருக்கார்."